'போடு' எல்லாம் 'புட்' ஆகாது

நாகர்கோவில் பக்கம் ஆங்கிலம் பேசப் பழகுகிறவர்களிடம் வருஷா வருஷம் அதே பிழைகள் திரும்ப வருகின்றன. அவற்றில் பலவும் 'புட்' என்ற சின்ன வினையைச் சுற்றியவை. 'புட்டெட்' என்று ஒரு சொல் கிடையாது, இறந்தகாலமும் 'புட்'தான் என்பதைப் பள்ளியிலேயே சொல்லியிருப்பார்கள். அதை விட்டுவிடுவோம்.

போடும் வையும்

சாயா போடு, போன் போடு, ஊசி போடு, லீவு போடு, கோலம் போடு, வலை போடு. இதில் ஒன்றுக்கும் 'புட்' பொருந்தாது. சாயாவுக்கு மேக், போனுக்கு கால், ஊசிக்கு கிவ், லீவுக்கு டேக், கோலத்துக்கு டிரா, வலைக்கு காஸ்ட்.

'புட்'டுக்கு நேரான தமிழ் 'வை'. அந்த இடத்திலோ நம்மவர்கள் 'கீப்' என்கிறார்கள். மீனை ஃபிரிட்ஜில் வைக்கும் செயல் புட். நாளை வரை அது அங்கேயே இருக்கட்டும் என்றால்தான் கீப்.

ஒரு சோதனை உண்டு. 'புட்' இடம் கேட்கும் வினை. 'ஐ புட் த கீ' என்று நிறுத்தினால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். 'ஆன் த டேபிள்' என்றோ, குறைந்தது 'தேர்' என்றோ வர வேண்டும். எங்கே என்ற கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் வெறும் 'புட்' பெரும்பாலும் தவறு.

'புட் ஆஃப்': பணமும் பெயரும் போகும் இடம்

கடல் கொந்தளிக்கும் நாளில் விவேகானந்தர் பாறைக்குப் படகு விடமாட்டார்கள். கன்னியாகுமரி விடுதி ஒன்றில் வரவேற்பில் நிற்கும் பையன் வெளிநாட்டுக்காரரிடம் 'த போட் இஸ் புட் ஆஃப்' என்கிறான் என்று வையுங்கள். அவன் சொல்ல நினைத்தது, இன்று படகு இல்லை. அவர் புரிந்துகொள்வது, படகு பிறகு ஓடும். அறையைக் காலி செய்யாமல் காத்திருப்பார். மாலையில், கூடுதல் ஒரு நாள் வாடகை யார் தலையில் என்று தகராறு. எத்தனை முறை திருத்தினாலும் அடுத்து வருகிற குழுவும் இதையே சொல்வதுதான் எரிச்சல்.

காரணம் 'ஆஃப்'. லைட் ஆஃப், மோட்டார் ஆஃப் என்று பழகிய காதுக்கு 'ஆஃப்' என்றாலே நிறுத்தம். 'புட் ஆஃப்' நிறுத்தம் அல்ல, தள்ளிப்போடுவது. அந்தத் தமிழ்ச்சொல்லுக்குள்ளேயே 'போடு' இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் மறக்காது. ரத்துக்கு 'கேன்சல்' அல்லது 'கால் ஆஃப்'. படகுக்கு 'தேர் ஆர் நோ போட்ஸ் டுடே' என்பதே போதும், யாருக்கும் குழப்பம் வராது.

மழையால் தேர்வு தள்ளிப்போனால் எந்த நாளுக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 'புட் ஆஃப் டில் மண்டே'. பின்னால் இன்னொரு வினை வந்தால் அது 'இங்' வடிவில் வரும்: 'புட் ஆஃப் கோயிங்'. 'புட் ஆஃப் டு கோ' பிழை. 'இட்' நடுவில்தான் உட்காரும்: 'புட் இட் ஆஃப்'.

விளக்கை அணைக்க 'புட் ஆஃப் த லைட்' என்பது பிரிட்டிஷ் பேச்சில் உண்டு, அதைத் தவறென்று சொல்ல முடியாது. புதிதாகப் பழகுகிறவர் 'டர்ன் ஆஃப்' என்றே வைத்துக்கொள்வது நல்லது.

சட்டை

போடும் செயல் 'புட் ஆன்', போட்டிருக்கும் நிலை 'வேர்', கழற்றுவது 'டேக் ஆஃப்'.

'ஐ ஆம் புட் அப் அட் மார்த்தாண்டம்'

சொந்த வீட்டில் இருப்பவர் சொல்லக்கூடாது. தற்காலிகமாகத் தங்குகிறவர் பேச்சு அது. 'ஐ லிவ் இன் மார்த்தாண்டம்'.

நாய்

நோயுற்ற நாயைப் பற்றிப் பேசும்போது 'புட் டவுன்' என்றால் ஊசி போட்டு உயிரை முடிப்பது. கீழே இறக்கிவிடுவது என்று நினைத்து மருத்துவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

'வித்' விழுந்தால்

விருந்தாளியை வீட்டில் தங்கவைத்தால் 'புட் அப்'. அவருடைய தொல்லையைப் பொறுத்துக்கொண்டால் 'புட் அப் வித்'.