வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுமுன்: கடற்கரை ஊராருக்கு ஒரு செய்முறை விளக்கம்

தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், வளைகுடாவிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ ஒருவரேனும் இல்லாத தெருவைக் காண்பது அரிது. கீழக்கரைப் பக்கம் அவர்களைச் சபுராளிகள் என்பார்கள். முன்னே போனவர் சொல்லை நம்பிப் பின்னே போவது இங்குள்ள வழக்கம். அந்த நம்பிக்கை பல குடும்பங்களை வாழவைத்திருக்கிறது. ஆனாலும் ஏஜென்ட், விசா ஆகிய இரண்டிலும் வாய்ச்சொல்லோடு நின்றுவிட வேண்டியதில்லை. அரசுத் தளங்களில் நாமே சரிபார்க்கலாம். முதன்முறை போகிறவர்களுக்காகவும் அவர்களை அனுப்பிவைக்கும் வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதற்படி: பாஸ்போர்ட்

பத்தாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்று காட்டாதவர்களுக்குப் பெரும்பாலும் ‘குடியேற்றச் சரிபார்ப்புத் தேவை’ என்று பொருள்படும் இ.சி.ஆர். பாஸ்போர்ட்தான் கிடைக்கும். அதை வைத்திருப்பவர் சவூதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போவதற்கு முன் இந்திய அரசின் குடியேற்ற அனுமதியைப் பெற்றாக வேண்டும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. அனுமதி பெறும் அலைச்சலைத் தவிர்க்க விசிட் விசாவில் ஏறிவிடலாம் என்று யாராவது சொன்னால், அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். அப்படிப் போகிறவர் வேலைக்குப் போனார் என்பதற்கு அரசின் ஏட்டில் தடயமே இருக்காது.

இரண்டாம் படி: ஏஜென்ட்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். கைப்பேசியில் ‘இ-மைக்ரேட்’ என்னும் அரசுத் தளத்தைத் திறந்து, பதிவுபெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியலுக்குச் சென்று, தமிழ்நாட்டைத் தேர்ந்து, நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது. பதிவு இன்றும் நடப்பில் உள்ளதா, காலாவதியாகிவிட்டதா, நிறுத்திவைக்கப்பட்டுள்ளதா என்பதையும், அவர் கொடுத்த முகவரியும் தளத்தில் உள்ள முகவரியும் ஒன்றுதானா என்பதையும் பாருங்கள். டீக்கடையில் வந்து பாஸ்போர்ட் வாங்கிப்போகும் ஆள், சென்னையில் உள்ள பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லக்கூடும். அந்த நிறுவனத்துக்கே தொலைபேசியில் அழைத்து, அவர் அவர்களுடைய ஆள்தானா என்று கேட்பதில் தவறில்லை. பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கத்தக்க சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். நகையை அடகுவைத்து லட்சக்கணக்கில் கொடுப்பது ஊரில் இயல்பாகிவிட்டது, அது இயல்பல்ல. கொடுக்கும் தொகை எதுவானாலும் ரசீது கேளுங்கள்.

தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் 1978 முதல் வெளிநாட்டு வேலைகளுக்கு ஆள் எடுத்து வருகிறது. தனியார் ஏஜென்ட்டைத் தேடுமுன் அதன் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாம் படி: விசாவும் அக்ரிமென்ட்டும்

யாரிடம் வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று சொல்லி ஃப்ரீ விசா என்று ஊரில் விற்கப்படுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. விசா ஒரு கஃபீலின், அதாவது அங்கே பொறுப்பேற்று வேலைக்கு எடுக்கும் முதலாளியின், பெயரில் இருக்க, அந்த நாட்டு அனுமதியில்லாமல் வேறொருவரிடம் வேலை செய்தால், அங்கே குற்றவாளி ஆகப்போவது விற்றவரல்லர், போனவரே. விசாவில் எழுதப்பட்ட தொழிலும் உங்களுக்குச் சொன்ன தொழிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மீன்பிடி வேலைக்குப் போகிறவர் இதைத் தவறாமல் பார்க்க வேண்டும். அமீரகத்துக்குப் போகிறவர், அந்நாட்டு மனிதவள அமைச்சகத் தளத்தில் வேலைக் கடிதத்தின் எண்ணைக் கொடுத்து அது உண்மையானதா என்று சோதிக்கலாம்.

நான்காம் படி: காப்பீடு

இ.சி.ஆர். பாஸ்போர்ட்டுடன் வேலைக்குப் போகிறவருக்குப் பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்னும் அரசின் காப்பீட்டுத் திட்டம் கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாயும் வரியும் கட்டினால், விபத்தில் இறப்பு அல்லது நிரந்தர ஊனம் நேரும்போது 10 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

ஐந்தாம் படி: போனவர்களின் கதைகள்

கீழக்கரையில் 1927இல் பிறந்து, கடல் கடந்து வணிகம் செய்து, துபாயில் பெரும் நிறுவனத்தை வளர்த்து, 1984இல் வண்டலூரில் பொறியியல் கல்லூரியைத் தொடங்கிய பி.எஸ்.அப்துர் ரகுமானின் வாழ்க்கையை இளைஞர்கள் தேடிப் படிக்க வேண்டும். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையச் செய்தித்தாள் காப்பகத்தில் தமிழ் முரசின் பழைய இதழ்கள் உள்ளன. பாட்டனார் காலத்தில் கப்பலேறியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அவற்றில் பார்க்கலாம். ஆயினும் எனக்கு அவற்றைவிட முக்கியமாகப் படுவது 2020ஆம் ஆண்டின் கதை. கொரோனாவால் ஈரானில் தவித்த தமிழக மீனவர்கள் உட்பட 687 பேரை, பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து ஏற்றிக்கொண்டு ஐ.என்.எஸ். ஜலாஷ்வா என்னும் கடற்படைக் கப்பல் ஜூலை 1 அன்று தூத்துக்குடி வந்து சேர்ந்தது. வென்றவர் கதை துணிவைத் தரும். இந்தக் கதையோ, அவசரத்தில் யாரை, எப்படி அணுகுவது என்பதை முன்பே தெரிந்துவைத்திருக்கச் சொல்கிறது.

ஆறாம் படி: வீட்டாரின் பங்கு

பாஸ்போர்ட், விசா, அக்ரிமென்ட், காப்பீடு ஆகியவற்றின் நகல்களும், அங்கே போனபின் கிடைக்கும் குடியிருப்பு அடையாள அட்டையான இக்காமா அல்லது பத்தாக்காவின் படமும் வீட்டில் ஒருவரிடம் இருக்க வேண்டும். சம்பளம் வராமை, சிறை, இறந்தவர் உடலைக் கொண்டுவருதல் போன்றவற்றுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ தளத்தில் வீட்டாரே புகார் பதியலாம். கிடைக்கும் எண்ணைக் கொண்டு அதன் நிலையைத் தொடர்ந்து பார்க்கலாம். வெளிநாடு செல்லும் தொழிலாளர்களுக்கான அரசின் உதவி மையத்தை இந்தியாவிலிருந்து 1800 11 3090 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். புறப்படுகிறவர் விமானம் ஏறுமுன், ‘மதத்’ தளத்தில் கணக்குத் தொடங்கும் முறையை மனைவிக்கோ தம்பிக்கோ ஒருமுறை செய்துகாட்டிவிட்டுப் போக வேண்டும்.