லென்ஸ் போடுகிறவர்களின் ஐந்தொகையில் விழும் பிழைகள்

எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் கணக்கை முடிக்கும்போது ஐந்தொகை போடுவார்கள். வரவு, செலவு, இருப்பு எல்லாம் ஒரே தாளில் வந்து நிற்கும். கான்டாக்ட் லென்ஸ் போட ஆரம்பித்துப் பதினோரு வருடம் கழித்து, போன தை மாதம்தான் நானும் என் கண்ணுக்கு ஒரு ஐந்தொகை போட்டேன். ஒரு வருடத்துக்கு மாத லென்ஸ் நான்கு டப்பா, லென்ஸைக் கழுவி ஊறவைக்கும் சொல்யூஷன் நான்கு பாட்டில், ஆக ஏழாயிரம் ரூபாயை ஒட்டி. காரைக்குடியில் வருடப் பரிசோதனைக்குக் கண் டாக்டரிடம் கொடுத்தது 400. இத்தனை வருடமும் நான் தள்ளிப்போட்டு மிச்சம் பிடித்தது அந்த 400-ஐத்தான்!

"பவர் மாறவில்லையே, எதற்குப் பரிசோதனை?" என்று நானும் கேட்டவன்தான். பெரிய தப்பு அங்கேதான் இருக்கிறது. வருடப் பரிசோதனையில் பவர் பார்ப்பது பாதி வேலை. கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது. அதற்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பங்கு நேரே காற்றிலிருந்து வருகிறது. லென்ஸ் அதன்மேல் மூடி போட்டது மாதிரி உட்கார்ந்திருக்கிறது. காற்று போதாமல் போனால் ஓரத்திலிருந்து மெல்லிய ரத்தக் குழாய்கள் கருவிழிக்குள் ஊர்ந்து வரும். வலிக்காது, பார்வையும் மங்காது. நமக்கு எப்படித் தெரியும்? மோவாயைத் தாங்கியில் வைத்து, கீற்று வெளிச்சம் அடித்து உருப்பெருக்கிப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப்பில்தான் தெரியும். இமையைப் புரட்டி உள்பக்கம் பார்த்தால், லென்ஸ் ஒத்துக்கொள்ளாமல் கிளம்பும் சிறு பருக்களும் தெரியும்.

கண்ணாடிக் கடையில் செய்யும் இலவச கம்ப்யூட்டர் செக்கப் இதற்கு ஈடாகாது. அது பவருக்கு ஓர் உத்தேசக் கணக்குச் சொல்லும், அவ்வளவுதான். இலவசம் என்பதற்காக அதையே வருடப் பரிசோதனை என்று எழுதிக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது நான் காசு கொடுத்துக் கற்றது. மூக்குக்கண்ணாடிச் சீட்டில் இருந்த பவரை அப்படியே போட்டு ஆறு மாதத்துக்கு லென்ஸ் வரவழைத்தேன். கடைக்காரரும் ஒன்றும் கேட்கவில்லை. போட்ட இரண்டாம் நாளே தலைவலி. கண்ணாடி கண்ணிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளி நிற்கிறது, லென்ஸ் கண்ணின் மேலேயே இருக்கிறது. அதனால் பவர் 4-ஐத் தாண்டினாலே கணக்கு மாறும். கண்ணாடியில் மைனஸ் 8 என்றால் லென்ஸில் ஏறக்குறைய மைனஸ் 7.25. வளைவு (8.4, 8.6 என்று டப்பாவில் போட்டிருக்குமே, அதுதான்), விட்டம் இரண்டும் கண்ணாடிச் சீட்டில் இருக்கவே இருக்காது. பிரித்த டப்பாவைத் திருப்பி எடுப்பார் யார்? பரிசோதனை முடிந்ததும் லென்ஸுக்கென்று தனிச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சீட்டு வந்த பிறகு ஆர்டர் போடுங்கள்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்று, கண் என்றாலே மதுரைக்கு பஸ் ஏறுவது. 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய நாளிலிருந்து வளர்ந்த நம்பிக்கை அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் தொந்தரவில்லாத கண்ணுக்கு வருடப் பரிசோதனை செய்ய, ஸ்லிட் லாம்ப் வைத்திருக்கும், லென்ஸ் பார்த்துப் பழகிய உள்ளூர் டாக்டர் போதும். டிக்கெட், சாப்பாடு, ஒரு நாள் சம்பளம் எல்லாம் சேர்ந்தால் கட்டணத்தைவிடப் பயணம் பெரிதாகிவிடும். அப்புறம் "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று தோன்றத்தான் செய்யும். மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்றும் நம்பாதீர்கள். பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும்.

போகிற அன்று கண்ணாடியை மறந்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. மஞ்சள் சாயம் விட்டுப் பார்த்தால் உடனே லென்ஸைத் திரும்பப் போட முடியாது, சாயம் லென்ஸில் ஏறிவிடும். கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டால் சில மணி நேரம் பக்கத்து எழுத்து தெரியாது, வெயில் கூசும். தேவகோட்டையிலிருந்து பைக்கில் தனியாக வந்தவர் என்ன செய்வார்? இன்னொரு நாள் அலைவார்.

மிச்சம் பிடிக்கும் இடமாக சொல்யூஷனைத் தேர்ந்தெடுப்பது இன்னொரு வினை. நேற்றைய சொல்யூஷன் மேலேயே இன்று கொஞ்சம் ஊற்றுவது, திறந்து மூன்று மாதம் தாண்டிய பாட்டிலை ஓட்டுவது, லென்ஸ் ஊறவைக்கும் ஒரே டப்பியை வருடக்கணக்கில் வைத்திருப்பது. மாத லென்ஸ் என்றால் பிரித்த நாளிலிருந்து 30 நாள். போட்ட நாட்களை மட்டும் எண்ணுவதல்ல. சொல்யூஷன் தீர்ந்த அன்று குழாய்த் தண்ணீரில் அலசுவதோ கொடுமை. எங்கள் காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க அமிர்தம், லென்ஸுக்கு ஆகாது. எந்தத் தண்ணீரிலும் இருக்கக்கூடிய அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியில் குடியேறினால் மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட வேண்டிவரும். அந்தச் செலவுக்கு முன்னால் 400 ரூபாய் எம்மாத்திரம்?

கல்யாண வீட்டில் விடிய விடிய லென்ஸோடு இருந்துவிட்டு, காலையில் கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால், அப்பத்தா நந்தியாவட்டைப் பூவோடு வருவார். பாசம்தான், ஆனாலும் வேண்டாம் அப்பத்தா என்று சொல்லிவிடுங்கள். மெடிக்கலில் தானாகச் சொட்டு மருந்து கேட்பது அதைவிட ஆபத்து. ஸ்டீராய்டு கலந்த மருந்தாக இருந்து, கண்ணில் பூஞ்சைத் தொற்றும் இருந்தால், அதற்கு எண்ணெய் வார்த்த மாதிரி ஆகும். லென்ஸைக் கழற்றுங்கள், தூக்கிப் போட வேண்டாம். அதையும் டப்பியையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். கிருமி எதுவென்று அதில் பரிசோதித்துப் பார்க்க முடியும்.