எல்லையில் இருப்பவருக்கு ஒரு கார்டு: முதல் முறை எழுதுகிறவர்களுக்கு

என் அப்பா பட்டாளத்திலிருந்து திரும்பி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர் கொண்டு வந்த கறுப்பு இரும்புப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. மூடியின் மேல் வெள்ளை பெயின்டில் அவருடைய நம்பரும் பெயரும். பென்ஷன் வேலையாக ஒரு காகிதத்தைத் தேடி ஒரு நாள் அதைத் திறந்தேன். டிஸ்சார்ஜ் புத்தகத்துக்குள் ஒரு இன்லேண்ட் லெட்டர் மடித்து வைத்திருந்தது. நான் மூன்றாம் வகுப்பில் எழுதியது. மடித்த இடமெல்லாம் கிழிந்து, பின்பக்கம் செலோ டேப் ஒட்டியிருந்தார். டேப்பும் பழுத்து மஞ்சளாகிவிட்டது. உள்ளே இருந்தது இவ்வளவுதான்: "அப்பா, கொல்லையில் முள்ளுக் கத்திரிச் செடி காய்த்தது. எட்டு காய் பறித்தோம். எனக்கு விரலில் முள் குத்தியது. நான் அழவில்லை."

வந்த கடிதங்களில் இதை மட்டும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "எட்டுன்னு எண்ணி எழுதியிருந்தியே, அதான்" என்றார்.

எங்கள் ஊர் வேலூருக்குத் தெற்கே, கணியம்பாடி பக்கம். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு தெருவுக்கு நாலைந்து மிலிட்டரிக்காரர் வீடு இருக்கும். பக்கத்திலுள்ள கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். இது நேற்று வந்த பழக்கமில்லை. வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914 முதல் 1918 வரை நடந்த பெரும் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் பொறித்திருக்கிறது. அடுத்த முறை பஜாருக்குப் போனால் அண்ணாந்து பாருங்கள்.

சில வருடங்களாகப் பொங்கலுக்கு முன்னால் எங்கள் தெருப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைத்துக் கார்டு எழுத வைக்கிறேன். அதில் நான் கற்றுக்கொண்டதை இங்கே முறையாகச் சொல்கிறேன். ஒரு கார்டுதான் எழுதப் போகிறீர்கள் என்றாலும் இது உதவும்.

முதலில், யாருக்கு என்று முடிவு செய்யுங்கள்

"நம் ராணுவ வீரர்களுக்கு" என்று பொதுவாக எழுத உட்கார்ந்தால் கை ஓடாது, மேடைப் பேச்சுதான் வரும். உங்கள் தெருவிலோ சொந்தத்திலோ படையில் இருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டுக்குப் போய், "அண்ணனுக்கு ஒரு வாழ்த்துக் கார்டு அனுப்பலாமா, அட்ரஸ் கிடைக்குமா?" என்று கேளுங்கள். வீட்டார் தயங்கினால் வற்புறுத்தக் கூடாது. கார்டை அவர்களிடமே கொடுத்துவிட்டால் தங்கள் கவரில் சேர்த்து அனுப்பிவிடுவார்கள். எனக்குத் தெரிந்து இதுதான் சுலபமான வழி, பத்திரமானதும்கூட.

அப்படி யாரையும் தெரியாது என்றால் ஊரில் ஓய்வு பெற்ற சுபேதாரோ ஹவில்தாரோ இருப்பார், அவரிடம் கேளுங்கள். தாம் இருந்த படைப்பிரிவில் இப்போது இருக்கும் பையன்களோடு அவருக்குத் தொடர்பு இருக்கும்.

சாமான்கள்

ஏ4 அளவு சார்ட் பேப்பரைப் பாதியாக வெட்டி, நடுவில் ஒரு மடிப்பு மடித்தால் கார்டு தயார். பால் பாயின்ட் பேனாவால் எழுதுங்கள். ஸ்கெட்ச் பேனா மை ஈரம் பட்டால் பரவிவிடும், படம் வரைய மட்டும் க்ரேயான் போதும். ஜிகினாத் தூள் வேண்டவே வேண்டாம். பிள்ளைகளுக்கு அதில்தான் ஆசை, ஆனால் கவரைப் பிரித்ததும் கம்பளி, படுக்கை என்று எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரே உறைந்து கிடக்கும் இடத்தில் அதை யார் துவைத்து எடுப்பது?

கடையில் வாங்கும் கார்டும் நல்லதுதான். ஒரு காலத்தில் மார்கழி பிறந்தால் கடை வாசலில் கயிறு கட்டிப் பொங்கல் வாழ்த்துகளைத் தொங்கவிடுவார்கள் இல்லையா, அந்தக் காலத்து ஆட்கள் இன்னும் படையில் சுபேதாராக இருக்கிறார்கள். கரும்பும் பானையும் போட்ட ஒரு பழைய மாதிரி அட்டை அவர்களுக்கு நிறைய ஞாபகங்களைக் கொண்டுவரும்.

எழுதுவது

வலது மேல் மூலையில் ஊர்ப் பெயரும் தேதியும் போடுங்கள். தேதி முக்கியம். பனிக்காலத்தில் சில முகாம்களுக்கு ஹெலிகாப்டர் பறந்தால்தான் தபால் போய்ச் சேரும். பொங்கல் கார்டு மாசியில் கைக்கு வந்தாலும், தேதி இருந்தால் "ஓ, இது பொங்கலுக்கு முன்னால் எழுதியது" என்று அவருக்குப் புரியும்.

அடுத்து விளிப்பு. பிள்ளைகள் எழுதினால் "அன்புள்ள அண்ணா" அல்லது "மாமா". பெரியவர்கள் எழுதினால் "அன்புத் தம்பிக்கு". படையில் பெண்களும் இருக்கிறார்கள், அது அக்காவாக இருந்தால் அக்கா என்றே எழுதுங்கள். முகம் தெரியாதவர் என்றால் "அன்புள்ள சகோதரருக்கு" சரியாக இருக்கும். அப்புறம் நம் பழைய வரி: "இங்கு அனைவரும் நலம். அங்கு தங்கள் நலம் அறிய ஆவல்." தேய்ந்த வரி என்று விட்டுவிடாதீர்கள். தமிழ்க் கடிதம் வந்திருக்கிறது என்பதை முதல் பார்வையிலேயே சொல்லிவிடும் வரி அது.

இனிமேல்தான் எல்லாரும் தடுமாறும் இடம். போன வருடம் ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி முதலில் இப்படி எழுதினாள்:

"பாரதத் தாயின் வீரப் புதல்வரே! எங்களுக்காக எல்லையில் ரத்தம் சிந்தி, உயிரையும் கொடுக்கத் தயாராக நிற்கும் உங்கள் தியாகத்துக்குத் தலை வணங்குகிறேன்!"

தப்பான வார்த்தை ஒன்றும் இல்லை. அவள் மனதாரத்தான் எழுதினாள். ஆனால் ராத்திரி டூட்டி முடித்து வந்து, ஷூவைக் கழற்றிவிட்டு, ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பிரிக்கிறவரை நினைத்துப் பாருங்கள். உயிர் போகலாம் என்பது அவருக்குத் தெரியாதா? அதை மறந்து ஐந்து நிமிடம் இருக்கத்தானே கடிதம்! "உன் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு வரும்போது இன்றைக்கு என்ன பார்த்தாய்?" என்று அவளிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மறுபடி எழுதினாள்:

"அண்ணா, எங்க ஏரி இந்த வருஷம் நிரம்பி கோடி போச்சு. நான் பார்க்கிறது இதுதான் முதல் தடவை. எங்க தாத்தா மீன் பிடிக்கப் போய் மூணு கெண்டையோட வந்தார். நைட் பன்னெண்டு மணிக்கு எழுந்தா தவளைச் சத்தம் கேக்குது, பயமா இல்ல. நீங்க அங்க முழிச்சிருக்கீங்கன்னு எங்க டீச்சர் சொன்னாங்க. தேங்க்ஸ் அண்ணா."

பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறாள், நான் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. மூணு கெண்டை என்று எண்ணிச் சொல்லியிருக்கிறாள் பாருங்கள். நன்றியும் கடைசியில் தானாக வந்துவிட்டது.

ஆக, நீங்கள் செய்ய வேண்டியது இது. ஊரில் உங்கள் கண்ணால் பார்த்த ஒன்றை எடுங்கள். பாலாற்றில் தண்ணீர் வந்ததா, எத்தனை நாள் ஓடியது? கோட்டை அகழி ஓரத்தில் நடக்கப் போனீர்களா? வேர்க்கடலை பிடுங்கினீர்களா, மூட்டை எத்தனை? குடியாத்தம் சிரசுத் திருவிழாவில் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தீர்களா? எண்ணிக்கையோ பெயரோ வாசனையோ ஒன்று அதில் இருக்கட்டும். நாலைந்து வரி போதும். அதன் பிறகு, அவர் செய்கிற வேலைக்கு நன்றி என்று ஒரே வாக்கியம். ஊக்கம் சொல்ல வேண்டுமென்றால் "தைரியமாக இருங்கள்" என்பதைவிட, "உங்கள் ஞாபகமாக எங்கள் வீட்டில் இதைச் செய்தோம்" என்பது நெருக்கமாக இருக்கும். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவருக்கு, "உனக்கும் சேத்து ஒரு குடம் தண்ணி அம்மனுக்கு ஊத்திட்டேன் சாமி" என்று சொல்லி எழுதச் சொன்னார். அப்படியே எழுதினேன்.

முடிக்கும்போது "பதில் எழுத வேண்டியதில்லை, படித்தாலே சந்தோஷம்" என்று போடுங்கள். பதில் கடன் தலையில் ஏறினால் கார்டு பாரமாகிவிடும்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. மதராஸ் ரெஜிமென்ட் 1758இல் தொடங்கியது, ராணுவத்திலேயே பழைய காலாட்படை. அதன் மையம் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடர் என்று நாலு பேரும் அங்கே ஒரே பாரக்கில் இருப்பார்கள். நம் ஊர்க்காரருக்கு என்றால் தமிழிலேயே எழுதுங்கள். யார் கைக்குப் போகும் என்று தெரியாத கார்டு என்றால், கீழே இரண்டு வரி எளிய ஆங்கிலத்திலோ இந்தியிலோ சேர்த்துவிடுங்கள்.

எழுதக் கூடாதவை

"எப்போ லீவு?" என்று கேட்காதீர்கள். வீட்டில், போனில், எல்லாரும் கேட்கும் கேள்வி இதுதான். கிடைத்த லீவு கடைசி நாளில் ரத்தான கதை எங்கள் வீட்டிலேயே இரண்டு தீபாவளிக்கு நடந்தது. அந்தக் கேள்வியைப் படிக்கும்போது அவர் மனம் என்ன பாடுபடும் என்பது எனக்குத் தெரியும். அதேபோல "உங்கள் அம்மா ஏங்கிப்போய்விட்டார்" என்றும் எழுத வேண்டாம். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று சில பையன்கள் எழுதப் பார்ப்பார்கள், பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொல்லுங்கள்.

எங்கே இருக்கிறீர்கள், எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்ற கேள்விகளும் கூடாது, அது பாதுகாப்பு விஷயம். பிள்ளைகள் எழுதும் கார்டில் பெயரும் வகுப்பும் ஊரும் போதும். போன் நம்பரும் வீட்டு முகவரியும் தேவையில்லை. அரசியல், கட்சி, சாதி எதுவும் வேண்டாம். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட ஆசை வரும். கார்டை எடுக்கலாம், முகவரி எழுதிய கவரை எடுக்காதீர்கள்.

முகவரி: இதைக் கவனமாகப் படியுங்கள்

முதல் வருடம் நான் செய்த தவறு இங்கேதான். பெயரை எழுதி, கீழே ராணுவ முகாம், காஷ்மீர் என்று மட்டும் எழுதினேன். பன்னிரண்டு கார்டும் இரண்டு மாதம் கழித்து அப்படியே எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தன. எழுதிய பிள்ளைகளிடம் அதைச் சொல்ல எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

ராணுவ முகவரியில் ஊர்ப் பெயரே இருக்காது, இருக்கவும் கூடாது. படைக்கென்று தனித் தபால் பிரிவு இருக்கிறது, 1972 மார்ச் 1 முதல் அது தனிப் படைப்பிரிவாகவே இயங்குகிறது. நம் தபால் துறையில் வேலை பார்ப்பவர்களே பலர் சில வருடம் அங்கே போய்ப் பணி செய்துவிட்டு வருவார்கள். எந்த யூனிட் இன்றைக்கு எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே கவரில் மேலிருந்து கீழாக இந்த வரிசையில் எழுதுங்கள். முதலில் அவருடைய படை எண். அதை அடுத்துப் பதவி: சிப்பாய், நாயக், ஹவில்தார், சுபேதார் என்று எதுவோ அது. பிறகு பெயர். அதன் கீழே கம்பெனியும் (யூனிட்டுக்குள் இருக்கும் சிறு பிரிவு) யூனிட்டும். அதற்கும் கீழே 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ; ஏபிஓ என்றால் ராணுவத் தபால் நிலையம் (APO). மேற்கு, வடக்குப் பக்கத்துத் தபால் டெல்லி வழியாக 56க்கும், கிழக்குப் பக்கத்துத் தபால் கொல்கத்தா வழியாக 99க்கும் போகும். எது என்று வீட்டார் சொல்வார்கள், நீங்களாக ஊகிக்காதீர்கள். கடைசியில் பின்கோடு. நம் வேலூர்ப் பின்கோடு 6இல் தொடங்குகிறது, படையின் பின்கோடு 9இல் தொடங்கும். ஆறு இலக்கமும் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். முகவரி முழுவதையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அனுப்புநர் முகவரி பின்பக்கம் இருக்கட்டும், அது இருந்ததால்தான் என் பன்னிரண்டு கார்டும் தொலையாமல் வீடு வந்தன.

20 கிராம் வரை உள்ள கவருக்கு 5 ரூபாய் ஸ்டாம்ப் போதும். எல்லையில் இருக்கிறார் என்பதற்காகத் தனிக் கட்டணம் கிடையாது. சாக்லேட், முறுக்கு, ஆற்காடு மக்கன் பேடா எதையும் கவருக்குள் வைக்காதீர்கள். அதெல்லாம் லீவில் வரும்போது வீட்டில் உட்கார்ந்து சாப்பிடட்டும்.

எப்போது அனுப்புவது? ஜனவரி 15 ராணுவ தினம். 1949இல் அன்றுதான் கரியப்பா முதல் இந்தியத் தளபதியாகப் பொறுப்பேற்றார். அது பொங்கலோடு சேர்ந்து வருவது நமக்கு வசதி, ஒரே கார்டில் இரண்டு வாழ்த்தும் சொல்லிவிடலாம். டிசம்பர் 7 கொடிநாளை ஒட்டி எழுதி, அந்த வாரத்திலேயே பெட்டியில் போட்டுவிடுங்கள். ஆனால் எனக்கென்னவோ ஒரு விசேஷமும் இல்லாத ஆடி மாதத்தில் போய்ச் சேரும் கார்டுதான் ரொம்பப் பிடிக்கும்.

எழுதி முடித்து அட்டை ஒன்று மிச்சமிருந்தால் அதை அவர் வீட்டுக்கு எழுதுங்கள். தனியாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மனைவிக்கோ, அம்மாவுக்கோ. அதிலும் இதே முறைதான், பெரிய வார்த்தை வேண்டாம். "வியாழக்கிழமை எங்க வீட்டுல தேங்காய் பறிக்க ஆள் வருது. உங்க மரத்துக்கும் ஏறச் சொல்லட்டுமா அக்கா?" என்று எழுதலாம். அந்தக் கார்டுக்கு ஸ்டாம்ப் வேண்டாம். சாயங்காலம் நடந்து போய்க் கையில் கொடுத்துவிட்டு, மரம் எத்தனை என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.