பாத்திக்குள் நுழையும் அருகம்புல்: நான் பட்ட பாடு

"ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி" என்று முதலில் வாழ்த்தியவர் நிச்சயம் காய்கறிப் பாத்தி போட்டவராக இருக்கமாட்டார். புதிதாகத் தோட்டம் தொடங்கிய நண்பர் ஒருவர் சென்ற வாரம் புல்தரையோரம் உழவு இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். என் பழைய முட்டாள்தனத்தை நேரில் பார்ப்பதுபோல் இருந்தது. முளைத்ததும் பிடுங்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்; அதை விட்டுவிட்டு, அருகை விரட்டப் போய் நான் செய்த தவறுகளைச் சொல்கிறேன்.

கொத்திப் புரட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இது. புல்தரையிலிருந்து நான்கு முழம் உள்ளே வந்துவிட்ட அருகை ஒழிக்க, இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து இரண்டு முறை ஓட்டினேன். மண் மாவாகிவிட்டது. பெருமையோடு தண்ணீர் விட்டுக் கத்தரி நாற்று நட்டேன். மூன்றாவது வாரம் பாத்தி முழுக்கப் பச்சை. நாற்றைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அருகின் மண்ணடித் தண்டு ஒன்றை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். வெளுத்த, விறைப்பான கயிறுபோல் இருக்கும். இடைவிட்டு இடைவிட்டுக் கணு, கணுதோறும் மொட்டு. ஒரு கணு உள்ள துண்டும் தனிச் செடியாகிவிடும். வாடகைப் பணம் கொடுத்து நானே அருகு நட்டிருக்கிறேன்! அந்தப் பருவமே வீணானது.

வெட்டும் கருவியை ஒதுக்கிவிட்டு, பற்கள் உள்ள கருவியால் ஈரமண்ணை நெம்புங்கள். தண்டுகளில் பெரும்பகுதி மேல்மண்ணின் 15 சென்டிமீட்டருக்குள் கிடக்கும். நுனிவரை பின்தொடர்ந்து இழுங்கள். அறுந்தால் மிச்சத்தைத் தோண்டித் தேடுங்கள். பிறகு உடனே நடாதீர்கள். வெறும் பாத்திக்கு இரண்டு, மூன்று வாரம் தண்ணீர் விட்டால், தப்பிய துண்டுகள் தாமே தலைகாட்டும்.

தரைமட்டத்தோடு நிற்கும் தடுப்பு

அருகு கீழேயும் போகும், மேலேயும் ஓடும். புல்தரைக்கும் பாத்திக்கும் நடுவே வைக்கும் தடுப்பு 15 முதல் 20 சென்டிமீட்டர் மண்ணுக்குள் இறங்க வேண்டும்; 5 சென்டிமீட்டராவது மேலே நிற்க வேண்டும். நான் அழகாக இருக்கட்டும் என்று செங்கல்லைத் தரைமட்டத்தில் பதித்தேன். ஓடுதண்டு அதன்மேல் சாவகாசமாக நடந்து வந்தது. தகடுகளால் தடுப்பு வைத்தால், இரண்டு தகடுகள் சேரும் இடத்து விரிசலையும் அது விடாது. சரியான தடுப்பு வைத்தாலும் அதன்மேல் தொங்கும் தண்டை அடிக்கடி நறுக்கத்தான் வேண்டும்.

பிடுங்கியதை உரக்குழியில் போடுவது

வேண்டாம். வெயிலில் சருகாகட்டும்.

மெல்லிய மூடாக்கை நம்புவது

மண்ணை மூட மூடாக்காகப் பரப்பிய வைக்கோலுக்கு அடியில் அருகு சுகமாகப் படுத்திருக்கும். ஒரே நன்மை, மண் இளகியிருப்பதால் இழுத்தால் நீளமாக வரும்.