ஃபுட்பால் மேனேஜரில் அமெரிக்க லீக்கைச் சேர்க்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபுட்பால் மேனேஜர் என்பது ஒரு கால்பந்து அணியை நாமே நிர்வகிக்கும் கணினி விளையாட்டு. அதில் என் இரண்டாவது சீசன், ஜூலை 1. என் அணி மேற்குக் கான்ஃபரன்ஸில் (லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) மூன்றாவது இடத்தில் இருந்தது. அடுத்த ஆட்டத்துக்கு ஆட்களைத் தேர்வு செய்யலாம் என்று ஸ்குவாட் பக்கத்தைத் திறந்தால் ஒன்பது பேர்தான் இருந்தார்கள். கோல்கீப்பர் ஒருவர்கூட இல்லை. மற்ற எல்லாருக்கும் முந்தின நாளோடு ஒப்பந்தம் முடிந்திருந்தது. லீக்கை பிப்ரவரியில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடியும்படி எடிட்டரில் (விளையாட்டின் லீக்குகளையும் விதிகளையும் மாற்றும் கருவி) அமைத்த நான், ஒப்பந்தம் முடியும் தேதியைத் தொடவே இல்லை. அது ஐரோப்பிய வழக்கப்படி ஜூன் 30-லேயே இருந்துவிட்டது. மூன்று வாரம் ராத்திரி உட்கார்ந்து செய்த வேலை அந்த ஒரு தேதியில் கவிழ்ந்தது.

அமெரிக்க லீக்கைச் சேர்க்கும்போது வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். எடிட்டரில் நீங்கள் நிரப்பாமல் விடும் ஒவ்வொரு கட்டத்தையும் ஐரோப்பா நிரப்பிவிடும். இருபது அணி, வீட்டில் ஒன்று வெளியில் ஒன்று, கடைசி மூன்று அணி கீழே, ஆகஸ்ட் முதல் மே வரை: நம் மனதில் 'லீக்' என்றாலே இந்த உருவம்தான். அமெரிக்காவில் இதில் எதுவுமே அப்படியே பொருந்தாது. அதனால் எடிட்டரைத் திறக்கும் முன் ஒரு நோட்டில் லீக்கின் விதிகளை முழுதாக எழுதிக்கொள்ளுங்கள். அங்கே விடுபட்டது ஆட்டத்தில் தானாக வந்து சேராது.

தேதிகளிலிருந்தே தொடங்கலாம். அமெரிக்காவின் முதல் நிலை லீக்கான எம்எல்எஸ், அதற்குக் கீழே இருக்கும் யுஎஸ்எல் சாம்பியன்ஷிப் இரண்டுமே இதுவரை ஒரே நாட்காட்டி ஆண்டுக்குள் ஓடும் லீக்குகள். ஆகவே ஒப்பந்த முடிவு டிசம்பர் 31-க்குப் போக வேண்டும். டிரான்ஸ்ஃபர் விண்டோவும் மாற வேண்டும்: பெரிய விண்டோ சீசன் தொடங்கும் சமயத்தில், சின்னது கோடை நடுவில். லோன் முடியும் தேதி, பரிசுத் தொகை வழங்கும் தேதி, சீசன் புதுப்பிக்கும் தேதி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிடுங்கள். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால், என் ஒன்பது பேர் கதைதான்.

நீண்ட சேவ் (ஒரே ஆட்டத்தைச் சேமித்துப் பல சீசன் தொடர்வது) ஆடுபவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். எம்எல்எஸ் 2027-ல் தன் காலண்டரையே மாற்றுகிறது. அந்த ஆண்டு பிப்ரவரி முதல் மே வரை ஒரு குட்டி சீசன், பிறகு ஜூலையில் தொடங்கி அடுத்த மே வரை ஓடும் புது அமைப்பு. இதை உங்கள் ஃபைலில் கொண்டுவருவதா, பழைய முறையிலேயே ஓட்டுவதா என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். நான் பழைய முறையில்தான் வைத்திருக்கிறேன். பாதி மாற்றி பாதி விடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அட்டவணைக் கணக்கு

எல்லாரும் சிக்கும் இடம் இது. 2025-ல் சான் டியேகோ வந்ததோடு எம்எல்எஸ் 30 அணி ஆனது. கிழக்கில் 15, மேற்கில் 15. ஒவ்வொரு அணிக்கும் 34 ஆட்டம். தன் கான்ஃபரன்ஸில் உள்ள மற்ற 14 அணிகளோடு வீட்டிலும் வெளியிலுமாக 28, எதிர் கான்ஃபரன்ஸோடு 6.

வழக்கமாகச் செய்யும் தவறு, கிழக்கையும் மேற்கையும் இரண்டு தனி லீக்காகப் போட்டுவிட்டு, கடைசியில் ஆறு ஆட்டத்தை மேலே ஒட்டுவது. 15 என்பது ஒற்றைப்படை எண். ஒரு வாரத்தில் ஏழு ஜோடி ஆடினால் ஓர் அணி சும்மா இருக்கும். 28 ஆட்டத்தை முடிக்க 30 வாரம் பிடிக்கும், அதன்மேல் இன்னும் ஆறு. மொத்தம் 36 வாரம். பிப்ரவரி கடைசியில் தொடங்கி, சர்வதேச இடைவேளைகளையும் கழித்துவிட்டு, அக்டோபருக்குள் அதை அடைக்க முடியாது. எடிட்டர் பிழை காட்டும், அல்லது புதன்கிழமைகளில் ஆட்டத்தை அளவுக்கு மீறித் திணிக்கும்.

தீர்வு அந்த ஒற்றைப்படையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் கிழக்கில் ஓர் அணி சும்மா இருக்கிறது, மேற்கிலும் ஓர் அணி சும்மா இருக்கிறது. அந்த இரண்டையும் மோத விடுங்கள். 30 வாரத்தில் ஒவ்வொரு அணிக்கும் இப்படி இரண்டு எதிர் கான்ஃபரன்ஸ் ஆட்டம் கிடைத்துவிடும். மீதி நான்குக்கு நான்கு வாரம். மொத்தம் சரியாக 34. இதைத் தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சம் அல்ல. உண்மையான எம்எல்எஸ் அட்டவணை இதே வரிசையில் வராது, மைதானம் கிடைப்பதையும் பயணத்தையும் பார்த்துத்தான் அங்கே போடுவார்கள். ஆனால் ஆட்டத்துக்குள் இந்த வழி உடையாமல் ஓடும்.

அணிகளின் எண்ணிக்கை வேறாக இருந்தால் கணக்கும் வேறு. 2025-ல் யுஎஸ்எல் சாம்பியன்ஷிப்பில் 24 அணி, கான்ஃபரன்ஸுக்கு 12. அங்கே இந்த ஒற்றைப்படைச் சிக்கலே கிடையாது. எம்எல்எஸுக்குச் செய்த அட்டவணையைக் காப்பி அடித்துக் கீழே ஒட்டாதீர்கள், எந்தச் சுற்று எங்கே போனது என்று தேடியே ஒரு வாரம் போய்விடும்.

பனியையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். 2017 மார்ச்சில் மினசோட்டா தன் முதல் எம்எல்எஸ் வீட்டு ஆட்டத்தைக் கொட்டும் பனியில் ஆடி அட்லான்டாவிடம் 6-1 என்று தோற்றது. முதல் சில வாரங்களில் வடக்கு அணிகளைத் தெற்கே அனுப்பினால் ஆட்டம் தள்ளிப்போவது குறையும்.

பட்டியலும் பிளே ஆஃபும்

இரண்டு கான்ஃபரன்ஸ் பட்டியலைப் போட்டதும் வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். 30 அணியையும் சேர்த்த மொத்தப் பட்டியல் ஒன்று கட்டாயம் வேண்டும். சீசன் முழுக்க அதிகப் புள்ளி எடுத்த அணிக்குத் தரும் சப்போர்ட்டர்ஸ் ஷீல்டு யாருக்கு என்பது அதை வைத்துத்தான் தெரியும். எம்எல்எஸ் கோப்பை இறுதி ஆட்டம் எந்த அணியின் மைதானத்தில் என்பதும் அதில்தான் இருக்கிறது: இறுதிக்கு வந்த இருவரில் சீசனில் அதிகப் புள்ளி எடுத்தவர் வீட்டில் ஆடுவார். மொத்தப் பட்டியல் இல்லாவிட்டால், இறுதி ஆட்டத்தை ஏதோ ஒரு பொது மைதானத்தில் வைக்க வேண்டிவரும்.

சமபுள்ளி விதியையும் பாருங்கள். நமக்குப் பழக்கம் கோல் வித்தியாசம். எம்எல்எஸில் முதலில் பார்ப்பது வெற்றிகளின் எண்ணிக்கை. ஓர் அணி 15 வெற்றி, 5 டிரா. இன்னொன்று 14 வெற்றி, 8 டிரா. இரண்டுக்கும் 50 புள்ளி. இரண்டாவது அணியின் கோல் வித்தியாசம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் முதல் அணிதான் மேலே. ஒன்பதாம் இடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் நடுவே இது வந்தால், ஒருவர் பிளே ஆஃபுக்கு (எம்எல்எஸ் கோப்பைக்கான நாக்அவுட் சுற்றுகள்) போவார், மற்றவர் வீட்டுக்குப் போவார். சின்ன விஷயம் இல்லை.

பிளே ஆஃபில் ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலிருந்தும் ஏழு அணி நேராக உள்ளே போகும். எட்டும் ஒன்பதும் ஓர் ஆட்டம் ஆடி, வென்றவர் சேர்ந்துகொள்வார். 2023 முதல் முதல் சுற்று மூன்றில் இரண்டு வெல்லும் முறை. இங்கேதான் கை தவறும். எடிட்டரில் ஒரே அணிகளுக்குள் பல ஆட்டம் என்றதும் மனம் ஐரோப்பியக் கோப்பைக்குப் போய், இரண்டு ஆட்டத்தின் கோல்களையும் கூட்டச் சொல்லிவிடும். எம்எல்எஸில் கோலைக் கூட்டுவது கிடையாது. முதல் ஆட்டத்தில் 4-0 என்று ஜெயித்தாலும் அது ஒரே வெற்றிதான். ஒவ்வொரு ஆட்டமும் சமனில் முடிந்தால் கூடுதல் நேரம் இல்லாமல் நேராக பெனால்டி. கான்ஃபரன்ஸ் அரையிறுதி முதல் ஒற்றை ஆட்டம், அங்கே கூடுதல் நேரம் உண்டு. அப்புறம், ஒவ்வொரு சுற்றுக்கும் குலுக்கல் போடும் அமைப்பை அணைத்துவிடுங்கள். யார் யாரோடு மோத வேண்டும் என்பதைப் பட்டியலில் பிடித்த இடம் முன்பே தீர்மானித்துவிட்டது.

பணம்

எம்எல்எஸில் வீரர்கள் ஒப்பந்தம் போடுவது கிளப்போடு அல்ல, லீக்கோடு. சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. இதை மட்டும் தெரிந்துகொண்டு ஒரு கடுமையான வரம்பைப் போட்டால், இரண்டு வருடத்தில் லீக்கில் பெயர் சொல்லும் வீரர் ஒருவரும் மிஞ்ச மாட்டார். 2007-ல் டேவிட் பெக்காம் லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸிக்கு வந்தபோதே வரம்பைத் தாண்டிச் சம்பளம் தர ஒரு வாசலைத் திறந்துவிட்டார்கள். இன்று ஒரு கிளப் அப்படி மூன்று பேர் வரை வைத்துக்கொள்ளலாம். 2023-ல் மெஸ்ஸி இன்டர் மயாமிக்கு வந்தது அந்த வாசல் வழியாகத்தான். வரம்பையும் இந்த விதிவிலக்கையும் சேர்த்தே போடுங்கள். இரண்டையுமே விட்டுவிட்டால் பணக்கார கிளப் இரண்டு மூன்று எல்லாரையும் வாரிக்கொண்டு போய்விடும், லீக் சப்பென்று ஆகிவிடும்.

இந்த விதிகளை அப்படியே யுஎஸ்எல்லுக்கும் கொடுப்பது அடுத்த தவறு. அங்கே கிளப்புகள் தாங்களே வீரர்களோடு ஒப்பந்தம் போடுகின்றன. சம்பள வரம்பைச் சமாளிக்க எம்எல்எஸ் தரும் ஒதுக்கீட்டுப் பணமும் மூன்று நட்சத்திர விதியும் அங்கே இல்லை.

மேலே போவதும் கீழே வருவதும்

எடிட்டர் இரண்டு டிவிஷனை அடுக்கியதும் எத்தனை அணி மேலே, எத்தனை கீழே என்று கேட்கும். பூஜ்யம் என்று எழுதக் கை கூசும். எழுதுங்கள். எம்எல்எஸில் இடத்தை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும், சான் டியேகோ 50 கோடி டாலர் கொடுத்தது. சின்சினாட்டி 2018-ல் யுஎஸ்எல்லில் முதலிடம் பிடித்துவிட்டு 2019-ல் எம்எல்எஸுக்குப் போனது, ஆனால் அந்த முதலிடத்துக்காகக் கிடைத்த வாய்ப்பு அல்ல அது. யுஎஸ்எல் உரிமையாளர்கள் 2025 மார்ச்சில் தங்கள் டிவிஷன்களுக்குள் ஏற்ற இறக்கம் கொண்டுவர வாக்களித்திருக்கிறார்கள். அதை உங்கள் ஃபைலில் சேர்க்க ஆசைப்பட்டால் தாராளமாகச் சேருங்கள், எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் அது யுஎஸ்எல்லுக்குள் மட்டும். எம்எல்எஸ் கதவு மூடியே இருக்கட்டும்.

பெயர் ஒன்று, கிளப் வேறு

அமெரிக்கக் கால்பந்தில் பல கிளப்புகள் செத்து மறுபடி பிறந்தவை. நியூயார்க் காஸ்மோஸ் என்றால் எது? 1975 முதல் 1977 வரை பெலே ஆடிய கிளப்பா, 2013-ல் என்ஏஎஸ்எல் என்ற பழைய லீக்கின் பெயரில் இரண்டாவதாக வந்த லீக்கில் ஆடத் தொடங்கியதா, 2026-ல் நியூஜெர்ஸியின் பேட்டர்சன் நகரிலிருந்து 'யுஎஸ்எல் லீக் ஒன்' என்ற லீக்கில் ஆடுவதா? டேட்டாபேஸில் பெயரை வைத்துத் தேடி முதலில் வந்ததை லீக்கில் போட்டுவிட்டால், வீரர்கள் ஓரிடத்தில் இருப்பார்கள், லீக்கில் ஆடுவது காலியான இன்னொரு பதிவாக இருக்கும். ஒவ்வொரு கிளப்பையும் அதன் அடையாள எண்ணை வைத்தே சேருங்கள். போர்ட்லாண்ட், சியாட்டில், வான்கூவர் மூன்றுக்கும் இதே எச்சரிக்கை.

பழைய வெற்றிகளை நிரப்பும்போதும் கவனம். சான் ஹோசே அணியின் வீரர்கள் 2005 முடிந்ததும் ஹூஸ்டனுக்குப் போனார்கள். பெயரும் வரலாறும் சான் ஹோசேயிலேயே நின்றன, 2008-ல் கிளப் திரும்ப வந்தது. அதனால் 2001, 2003 கோப்பைகள் சான் ஹோசேக்கு. 2006, 2007 ஹூஸ்டனுக்கு. இதை மாற்றிப் போட்டால் ஆட்டம் நிற்காது, யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. ஆனாலும் அந்த ஊர்க்காரர்கள் கிளப் பறிபோய் இரண்டு சீசன் காத்திருந்தார்கள். அதைச் சரியாக எழுத ஒரு நிமிடம் போதும்.

கோப்பைக்கு வந்தால், யுஎஸ் ஓப்பன் கோப்பையில் 'இந்த டிவிஷனின் எல்லா அணியும்' என்று கொடுக்காதீர்கள். டொரான்டோ, மான்ட்ரியல், வான்கூவர் மூன்றும் எம்எல்எஸில் ஆடினாலும் கனடா அணிகள், அவற்றுக்கு கனடியன் சாம்பியன்ஷிப் இருக்கிறது. ஓப்பன் கோப்பையில் கீழ் டிவிஷன் அணிகளைச் சேர்க்க மறக்கவும் கூடாது. 2022-ல் யுஎஸ்எல் அணியான சாக்ரமென்டோ வரிசையாக எம்எல்எஸ் அணிகளை வீழ்த்தி இறுதி வரை போனது. அப்படி ஒரு ஓட்டம் உங்கள் சேவில் நடக்கவே வழியில்லை என்றால், கீழ் டிவிஷனை இவ்வளவு பாடுபட்டுச் சேர்ப்பது எதற்கு?

மைதானங்களில் புல்லா செயற்கைப் புல்லா என்பதைச் சரிபாருங்கள். 2025 சீசனில் சியாட்டில், போர்ட்லாண்ட், அட்லான்டா மூன்றும் செயற்கை.

சோதனை

எடிட்டரின் சோதனை பச்சை காட்டினால் விதிகள் ஒன்றோடொன்று மோதவில்லை என்பது மட்டும்தான் தெரியும். லீக் சரியாக இருக்கிறதா என்று அது சொல்லாது. எடிட்டர் ஃபைல் புது சேவ் தொடங்கும்போதுதான் ஏறும், ஓடிக்கொண்டிருக்கும் சேவில் பின்னால் நுழைக்க முடியாது. ஆகவே ஆடத் தொடங்கும் முன், சின்ன டேட்டாபேஸை வைத்து விடுமுறை முறையில் (நீங்கள் ஆடாமல் ஆட்டம் தானாக ஓடுவது) பத்து சீசன் ஓட விடுங்கள். மாற்றம் செய்யும்போதெல்லாம் ஃபைலைப் புது எண் போட்டுச் சேமியுங்கள்.

ஓடி முடிந்ததும் நான் முதலில் பார்ப்பது கோப்பை வரலாற்றை அல்ல. மூன்றாம் சீசனின் ஜூலை 1-க்கும் ஜனவரி 1-க்கும் போய் ஸ்குவாட் எண்ணிக்கையைப் பார்ப்பேன். பிறகு, இரண்டாம் டிவிஷனில் யார் யார் ஆடுகிறார்கள் என்று. இங்கிலாந்திலும் ஸ்பெயினிலும் ஆட வேண்டிய 24 வயதுப் பையன்கள் யுஎஸ்எல்லில் குவிந்திருந்தால் லீக்கின் ரெப்யுடேஷனை (மதிப்பை) அதிகமாக வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம், கொஞ்சம் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். அடுத்து எம்எல்எஸ் சம்பளப் பட்டியல்: ஒவ்வொரு கிளப்பிலும் மேலே இரண்டு மூன்று பெரிய தொகை, அதற்குக் கீழே சட்டென்று இறங்கிச் சாதாரணத் தொகைகள். அந்தப் படிக்கட்டு தெரிந்தால் பண விதிகள் வேலை செய்கின்றன. என் ஃபைலில் அது ஐந்தாவது முறை ஓட்டியபோதுதான் தெரிந்தது. அன்று ராத்திரியே சாக்ரமென்டோவை எடுத்து ஆடத் தொடங்கிவிட்டேன்.