மாமியின் பானைக்கு அளவெடுத்த அடுப்பு

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்கள் வீடு. காஸ் இருக்கிறது. ஆனால் 14.2 கிலோ சிலிண்டரை நம்பி சம்பா அரிசியும் மரச்சீனிக் கிழங்கும் தினமும் வேகவைத்தால் கட்டுப்படியாகாது. அதனால் டீக்கு காஸ், சோற்றுக்கு விறகு. காஸிலேயே ஒப்பேற்ற முடிகிறவர்கள் அப்படியே இருங்கள், அதுதான் நெஞ்சுக்கு நல்லது. மற்றவர்கள் புகைக்குழாய் வைத்த இரட்டை அடுப்பு கட்டலாம்: ஒரே தீயில் முன்வாயில் ஒரு பானை, பின்வாயில் ஒரு பானை.

முதலில் பானையை எடுத்து வையுங்கள். எங்கள் முதல் அடுப்பை ஒரு கொத்தனார் கைக்கு வந்த அளவில் கட்டினார். வாய் அகலம். கஞ்சி கொதிக்கிற நேரத்தில் பானை சரிந்து பாதி சாம்பலில் போயிற்று. "இது நமக்குச் சரிப்படாது மக்ளே" என்று மாமி பழைய மூன்று கல்லுக்கே போய்விட்டார். ஆறு மாதம் அந்த அடுப்பில் பூனைதான் படுத்திருந்தது.

இரண்டாம் முறை மாமியையே பக்கத்தில் உட்காரவைத்தேன். களிமண், மணல், உமி, சாணம் எல்லாம் போட்டு மிதித்து, ஒரு நாள் ஊறவிட்டு, செங்கல் வைத்துக் கட்டினோம். முன்வாயில் மண் ஈரமாக இருக்கும்போதே சோற்றுப்பானையின் அடியில் தண்ணீர் தொட்டு, உட்காரவைத்து, ஒரு சுற்றுத் திருப்பி எடுத்தோம். விளிம்பு பானையின் வடிவத்துக்கே வந்துவிட்டது. புகை வெளியேற இடுக்கே இல்லை. பின்வாய்க்கு மீன்குழம்புச் சட்டியை அதேபோல் வைத்தோம்.

பின்வாய்க்கு அப்பால் 4 அங்குல சிமெண்ட் குழாய். ஓட்டுக்கு மேல் இரண்டு அடியாவது நிற்க வேண்டும், தலையில் மூடி வேண்டும். நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஓலைக்கூரை என்றால் குழாயைச் சுவர் வழியாக வெளியே எடுத்து, கூரையைத் தொடாமல் தள்ளி நிறுத்துங்கள்.

நிழலில் பத்து நாள் காயட்டும். அப்புறம் சிரட்டை (கொட்டாங்கச்சி) போட்டுச் சிறு தீ. விறகு வைக்கிற வாயருகே காகிதத்தைக் கொளுத்திப் பிடியுங்கள். சுடர் உள்பக்கம் சாய்ந்தால் இழுப்பு சரி. பின்வாயைச் சும்மா திறந்து போட்டால் புகை அடுக்களைக்குள்தான் வரும். குழம்பு இல்லாத நாளில் வெந்நீர்ப் பானையாவது ஏற்றுங்கள்.

முழுத் தென்னை மட்டையை நுழைத்துத் தள்ளித் தள்ளி எரிக்கிற பழக்கம் இதில் நடக்காது. ரப்பர் விறகோ மட்டையோ, ஒரு முழத்துக்கு வெட்டிக் காயவைக்க வேண்டும். வெட்டுகிற வேலை பெண்கள் தலையில் விழுந்தால் அடுப்பு மறுபடியும் பூனைக்குத்தான். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் வெட்டுகிறார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, கம்பில் சாக்கைச் சுற்றிக் குழாய்க் கரியைத் தட்ட வேண்டும்.

ஒன்று மட்டும் தீரவில்லை. முன்பு பரணில் புகையில் காய்ந்த குடம்புளியை இப்போது குழாயை ஒட்டிக் கூடையில் தொங்கவிட்டிருக்கிறோம். காய்கிறது, ஆனால் பழைய மணம் இல்லை என்று மாமி மீன்குழம்பு வைக்கிற நாளெல்லாம் சொல்கிறார்.