சங்கீதம் எடுத்து நன்றி சொல்லும்போது செய்யக்கூடாதவை

தமிழ்நாடு-கேரள எல்லையில் களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் வீட்டு ஜெபக்கூட்டங்களில் தமிழும் மலையாளமும் கலந்து சாட்சி சொல்வார்கள். அப்புறம் தியானம் என்றால் பெரும்பாலும் வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் 103-ம் சங்கீதம், இல்லையென்றால் 107. நல்ல பகுதிகள்தான், எடுக்கிற விதத்தில்தான் கோளாறு.

ஒற்றை வசனத்தைப் பிய்த்து எடுக்காதீர்கள். 13-ம் சங்கீதத்தில் கர்த்தர் நன்மை செய்தார், பாடுவேன் என்ற கடைசி வசனத்தை வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு அனுப்புகிறோம், ஆனால் அதே சங்கீதம் முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு முறை ‘எதுவரைக்கும்’ என்று கேட்கிறது. கேட்டவன்தான் கடைசியில் பாடுகிறான்.

107-ல் இன்னும் கவனம் வேண்டும். வனாந்தரத்தில் அலைந்தவர்கள், சிறைப்பட்டவர்கள், நோயாளிகள், கடலோடிகள் என்று நாலு கூட்டத்தார் கூப்பிடுகிறார்கள், நாலு பேருக்கும் விடுதலை. கடலோடிகளை, அவர்கள் நாடின துறைமுகத்தில் கர்த்தர் சேர்க்கிறார் என்று வரும். நீரோடி, வள்ளவிளை போன்ற மீனவக் கிராமங்களில் இதை வாசிக்கிறவர், 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயலில் போய்த் திரும்பாதவர்களின் வீட்டார் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்து வாசிக்க வேண்டும். “விசுவாசித்துக் கூப்பிட்டால் கரை சேர்ப்பார்” என்று சூத்திரம்போலச் சொன்னால், கூப்பிடாததால்தான் உங்கள் ஆள் வரவில்லை என்றுதான் அவர்கள் காதில் விழும். அந்த வீட்டில் 88-ஐயும் வாசிக்கலாம், அது இருளிலேயே முடிகிறது, ஸ்தோத்திரம் சொல்லி முடிக்க யாரையும் அவசரப்படுத்தாது.

அடுத்தவனோடு ஒப்பிட்டு நன்றி சொல்வது, அதாவது “அவன் வீட்டு நிலைமை நமக்கு இல்லையே, ஸ்தோத்திரம்” என்பது, லூக்கா சுவிசேஷம் 18-ல், தன்னையே நீதிமான் என்று நம்பிய பரிசேயன் செய்த ஜெபம். அதைச் சங்கீதத்தின் தலையில் கட்டாதீர்கள்.

136-ஐச் சுருக்குவதும் உண்டு. 26 வசனத்திலும் ‘அவர் கிருபை என்றுமுள்ளது’ வருகிறதே என்று சலித்து, சீகோன், ஓக் ராஜாக்கள் வரும் பகுதியைத் தாண்டிவிடுவார்கள். சபை சேர்ந்து மாறி மாறிச் சொல்வதற்கு ஏற்ற பாட்டு அது, முழுசாகச் சொல்லுங்கள்.

இரக்கத்துக்கு எல்லோரும் பிடிப்பது 51-ஐ. ‘தேவரீர் ஒருவருக்கே விரோதமாக’ என்ற நாலாம் வசனத்தைச் சொல்லி அழுதுவிட்டால் கணக்கு தீர்ந்தது என்று நினைக்கிறார்கள், எல்லைக் கையாலைத் தகராறில் அண்ணனோடு பேச்சை நிறுத்தியவர்களும்கூட. நாத்தான் தீர்க்கதரிசி வந்து பாவத்தை உணர்த்தியபோது தாவீது ராஜா பாடியது என்று தலைப்பே சொல்கிறது. அதற்குள், தாவீது யாருடைய மனைவியை எடுத்துக்கொண்டானோ அந்த உரியா அவன் சதியாலேயே செத்துப்போயிருந்தான், தாவீது போய் மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை. உங்கள் அண்ணன் பக்கத்து விளையில்தானே இருக்கிறார்?